கரடிச்சோலை ஏரிக்கு ரெண்டு பேர்

பஸ் இன்னும் ஸ்டாண்டை விட்டே கிளம்பவில்லை, சம்பூர்ணம் மனசுக்குள் பாதி மலை ஏறிவிட்டாள். மடியில் கைப்பை, கைப்பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அந்தக் காகிதம். காலை பத்து மணியிலிருந்து ஊட்டியில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் பல்லைக் காட்டி, ரெண்டு மணிக்கு வாங்கிய காகிதம். கரடிச்சோலை ஏரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஒரு தூண்டில், ஆள் இரண்டு. ஒரு ஆள் நாச்சிமுத்து, வயது அறுபத்து மூன்று, மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். இன்னொரு ஆள் அவர் பெண்டாட்டி, அதாவது இவள். வனத்துறை சீல்கூட விழுந்தாச்சு, ஊதா மசியில், கொஞ்சம் சாய்வாக. சாய்ந்தால் என்ன, சீல் சீல்தானே. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து உறையைத் தொட்டுப் பார்த்தாள், மூடினாள், பக்கத்தில் காலிபிளவர் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்ததும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐம்பத்தேழு வயசில் இப்படி ஒரு துள்ளலா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆமா, துள்ளல்தான், யாருக்கு என்ன போச்சு. காலில் ஏறுகிற அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் கலந்து பழைய துணியில் முடிச்சுக் கட்டிக்கணும், நாலு முடிச்சு, ஆளுக்கு ரெண்டு. ரொட்டி வேண்டாம், நமத்துப் போகும். புளிசோறுதான், கடலை தூக்கலாகப் போட்டு. சேலை கட்டிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் புல்லு மேட்டில் ஏற முடியாது, மகன் விட்டுப்போன டிராக் பேண்ட் ஒன்று பீரோவில் கிடக்கிறது, இடுப்பில் நாடா இழுத்துக் கட்டினால் நிற்கும். தன்னை டிராக் பேண்டில் நினைத்துப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மின்வாரியக் கேம்ப் பொம்பளைகள் பார்த்தால் ஒரு மாசத்துக்கு வேறு பேச்சு இருக்காது. பேசட்டும். விடியறதுக்குள்ள கிளம்பிட்டா யார் பார்க்கப் போறாங்க. எல்லாம் சரி, எல்லாம் ஆச்சு, பாக்கி ஒன்றே ஒன்றுதான். அந்த முதல் ஆள் வரமாட்டேன் என்று சொல்லி நாற்பது நாள் ஆகிறது. அவரிடம் இவள் இன்னும் மூச்சு விடவில்லை. ஊட்டிக்கு எதுக்குப் போறேன்னு கேட்டதற்கு, பேங்க்கில் கையெழுத்துப் போடணும் என்று கூசாமல் புளுகிவிட்டு வந்திருக்கிறாள்.

பஸ் கிளம்பியது. குளிர்காற்று மூஞ்சியில் அடித்தது, சன்னலை இறக்க மனசு வரவில்லை. இருபது வருஷம் இருக்கும், பைப் லைன் ரோந்து போய்விட்டு வந்த ஒரு சாயங்காலம், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று, "அம்மிணி, இன்னிக்கு ஒண்ணு பாத்தேன் பாரு" என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. மேட்டு உச்சியிலிருந்து கீழே, ரெண்டு சோலைக்கு நடுவே, உள்ளங்கை அளவுக்கு ஒரு ஏரி. மேலிருந்து பார்க்கும்போதே தண்ணீரில் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்ததாம். அங்கே இருப்பது ட்ரவுட்டு மீன். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது, குளிர்ந்த தண்ணீர் தவிர வேறெங்கும் தங்காது, புழுவைவிட ஈயும் பூச்சியும்தான் அதற்கு உசிர். ஈ தண்ணீர்மேல் உட்கார்ந்ததும் மேலே வந்து கவ்வும், கவ்வின இடத்தில் ஒரு வட்டம் விழும், அந்த வட்டம் அழிவதற்குள் அங்கே கொண்டுபோய் நம் பொய் ஈயை வைக்கணும். பொய் ஈ என்பது சேவல் கழுத்து இறகையும் பட்டு நூலையும் சின்ன முள்ளில் சுற்றிச் செய்வது. அதற்காக இவள் கறிக்கடையில் போய்க் கோழி வாங்காமல் கழுத்து இறகு மட்டும் கேட்டு, "ஏனக்கா, வூட்டுல குழம்பு வெக்கறீங்களா, தலகாணி தைக்கறீங்களா" என்று கடைக்காரரிடம் எத்தனை கிண்டல் வாங்கியிருக்கிறாள்! வருஷம் தவறாமல் அவரும் கூட்டாளி ஞானப்பிரகாசமும் கேம்ப் அணைக்கட்டுக்குப் போவார்கள், சனிக்கிழமை போனால் மீன் நாற்றத்தோடு ஞாயிறு வருவார்கள். கரடிச்சோலைக்கு மட்டும், ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம், ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கலாம். ரிட்டயர் ஆனார். ஞானப்பிரகாசம் மகளோடு மைசூருக்குப் போனார். இவருக்குக் கண் போனது. போனது என்று சொல்லவும் முடியாது, அதுதான் கொடுமை. நேராகப் பார்த்தால் பார்க்கிற பொருள் மறைந்துவிடுகிறது, அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தெரிகிறது. "உன் மூஞ்சி இருக்கற எடத்துல ஒரு புகை இருக்குது, காதும் கம்மலும் நல்லாத் தெரியுது" என்றார் ஒரு நாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், இவள் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள். கோயமுத்தூரில் ஊசி போட்டார்கள், மூணு தரம், கண்ணுக்குள்ளேயே. இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது வராது, ஒரு வருஷத்துக்கு இந்தப் பார்வை இருக்கும்னு வெச்சுக்குங்க, அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அப்புறம் பார்க்கலாமாம். எதை வைத்துப் பார்க்கிறது?

ஆனால் கை இருக்கிறதே, கை! முப்பது வருஷம் அந்தத் தூண்டில் கோலை வீசின கை. தூரத்து வட்டம் அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, இவளுக்குத் தெரியுமே. ஞானப்பிரகாசமும் அவரும் அப்படித்தானே செய்வார்கள், ஒருத்தர் வீச, இன்னொருத்தர் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல. கடிகாரத்தைப் படுக்கப்போட்ட மாதிரி வைத்துக்கொள்ளணும், நேர் எதிரே பன்னிரண்டு மணி, வலது கைப்பக்கம் மூணு, இடது பக்கம் ஒன்பது. "ஒரு மணி, நாப்பதடி" என்றால் கொஞ்சம் வலப்புறம், நாற்பதடி தூரம். அவ்வளவுதானே, இது என்ன பெரிய வித்தையா, தையல் மிஷினில் பாபின் மாட்டுவதை விடவா கஷ்டம் என்று இவள்தான் அவரை உசுப்பிவிட்டாள். நாற்பது நாளைக்கு முன்னால் கேம்ப் வாலிபால் மைதானத்தில் புல்லின் மேல் அஞ்சு எவர்சில்வர் தட்டை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தாள், அவர் காலடியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அடி அளந்துதான் வைத்தாள், அதில் குறை சொல்ல முடியாது. அவர் கோலைக் கையில் எடுத்ததும் முதுகு நிமிர்ந்ததே, பத்து வயசு குறைந்த மாதிரி! "பின்னால நிக்காதே புள்ள, வீசறப்ப முள்ளு கண்ணுல மாட்டிக்கும், ஒருத்தன் கண்ணு போனது போதும்" என்றார். இவள் பயந்துபோய் எதிர்ப்பக்கம் தட்டுகளுக்கு அந்தாண்டை போய் நின்றுகொண்டாள். தூண்டில் நரம்பு பின்னால் போய் நீண்டு, முன்னால் வந்து, தரையில் பூ விழுகிற மாதிரி விழுந்தது. பன்னிரண்டு மணி, முப்பதடி என்றாள், தட்டின் நட்ட நடுவில் விழுந்தது. கைதட்டினாள். ரெண்டு மணி, முப்பதடி என்றாள். எங்கேயோ வெறும் புல்லில் விழுந்தது. "அய்யோ, அங்க இல்லீங்க, ரெண்டு மணி, ரெண்டு மணி!" மறுபடியும் அதே புல். பதினோரு மணி என்றாள், அதுவும் தட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில். பன்னிரண்டு என்றால் மட்டும் கணீரென்று சரி. பத்து என்றபோது முள் கொடியில் காய்ந்த யாரோ ஒருத்தர் கம்பளியில் போய் மாட்டிக்கொண்டது. மைதானத்து ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ரெண்டு ஆப்பரேட்டர்கள் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை, இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதானே. அவர் நரம்பைச் சுற்றினார், கோலை மூணாகக் கழற்றி உறையில் போட்டார். "கண்ணு போச்சுன்னா கையாவது நிக்கும்னு நெனச்சேன். நேரா மட்டுந்தான் வருது. பக்கவாட்டுல கை செத்துப்போச்சு, அம்மிணி." அதுதான், அந்தக் கடைசி வார்த்தை, இவளுக்கு ராத்திரி பகல் காதில் கிடக்கிறது. அன்றைக்கே கோல் பரண்மேல் ஏறியது. அணைக்கட்டுப் பக்கம்கூட நடக்கப் போவதில்லை. காலையில் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை நாற்காலி.

மறுபடியும் ஜிப்பைத் திறந்தாள், உறை இருந்தது, எங்கே போய்விடப் போகிறது. எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது தெரியவில்லை. காபி கொடுத்துவிட்டுச் சொல்லலாமா. காபி குடிக்கும்போது நல்ல மூடில் இருப்பார், ஆனால் டம்ளரை டக்கென்று வைத்துவிட்டால்? "நீ எதுக்கு என்னைக் கேக்காம எழுதிக் குடுத்தே" என்று கேட்டால்? கேட்டுவிட்டு எழுதிக் கொடுக்க வேண்டியதென்றால் அடுத்த ஜென்மத்தில்தான் கொடுக்க முடியும், அப்படித்தான் சொல்லணும், வெடுக்கென்று சொல்லிடணும். சொல்லிட்டு அழக்கூடாது. நீங்க வீச வேண்டாங்க, சும்மா வந்து தண்ணி ஓரமா உக்காருங்க, நான் புளிசோறு கொண்டாறேன் என்று சொல்லலாமா. சே, அது அவரைக் கைப்பிள்ளை ஆக்குகிற மாதிரி. அதைவிட வராமலே இருக்கலாம். ஆனால் வரணுமே! மேட்டில் ஏறி நின்றால், பெள்ளி சொன்னானே போனில், அவன்தான் கூட வரப்போகிற வனத்துறை வாட்சர், இப்ப தண்ணி தெளிஞ்சு கிடக்குதுங்கம்மா, பூச்சி நல்லா பறக்குது, மழை இறங்கிருச்சுன்னா அப்புறம் மூணு மாசத்துக்குப் பாதை மூடிருவாங்க என்று. மூணு மாசம் கழித்து அந்தக் கண்ணில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஓரத்துக் கண்ணாலாவது அந்தச் சோலையின் பச்சையை, தண்ணீரின் பளபளப்பை அவர் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டால் வீசாமல் இருப்பாரா? மாட்டார், அவளுக்குத் தெரியும், விரல் நமநமக்கும். வீசினால்? பன்னிரண்டு மணி மட்டும் சரியாக விழும். மீன் என்ன நமக்காக நேர் எதிரே வந்து நின்றுகொண்டா வட்டம் போடும்? மறுபடி தப்பினால் அந்தத் தண்ணீர் ஓரத்திலேயே மனுஷன் ஒடிந்துபோவார். நேராகப் போகிற கை பக்கவாட்டில் எப்படிச் சாகும், அதுதான் இவளுக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. தோள்பட்டையா, நரம்பா, ஊசி போட்டதில் ஏதாவது ஆகிவிட்டதா. சுற்றிச் சுற்றி மனசு அங்கேதான் போய் இடறுகிறது, பன்னிரண்டு சரி, ரெண்டு தப்பு, பன்னிரண்டு சரி, பத்து தப்பு. ஏன் பன்னிரண்டு மட்டும்?

கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. எதிரே கேரட் மூட்டை ஏற்றின லாரி, மூக்கோடு மூக்கு. லாரிக்காரன் பின்னால் போக முடியாது, அவன் பின்னால் ரெண்டு வண்டி. பஸ்தான் ஒதுங்கி ஒதுங்கி உரசாமல் போகணும், ஒரு பக்கம் லாரி, மறு பக்கம் சாக்கடைப் பள்ளம். கண்டக்டர் விசிலை வாயில் கடித்துக்கொண்டு கீழே குதித்தான். பஸ்ஸுக்கு முன்னால் போய் டிரைவரைப் பார்த்தபடி நின்று, பின்பக்கமாகவே நடந்துகொண்டு கையை ஆட்டினான். "டிரைவர் சைடு ஒடி! ஒடி, ஒடி, போதும்! படி சைடு கொஞ்சம்! படி சைடு! நேரா, நேரா வா, வந்துட்டே இரு!" காலிபிளவர் அம்மாள் முருகா முருகா என்றாள். சம்பூர்ணம் கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் சைடு என்று கத்தும்போது அவனுடைய இடது கையல்லவா வீசுகிறது? என்னமோ நெஞ்சுக்குள் சுருக்கென்றது, என்ன என்று பிடிபடவில்லை. பஸ் லாரியைத் தாண்டியதும் அவன் படியில் தொற்றி ஏறினான். வாய் சும்மா இருக்குமா இவளுக்கு.

"ஏந்தம்பி, வலது இடதுன்னு சொன்னா என்னவாம்?"

"அதெப்படிக்கா? நான் அவரைப் பாத்துட்டு நிக்கறேன். என் வலது அவருக்கு இடது. வலதுன்னு கத்தினேன்னு வெய்யுங்க, லாரி மேல கொண்டுபோய் விட்டுருவாரு. ஸ்டியரிங் யாரு கையில இருக்குதோ அவங்க பக்கத்தைத்தான் சொல்லோணும்."

"நேரான்னா?"

"நேராவுல என்னக்கா இருக்குது, ரெண்டு பேருக்கும் அது ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே அவன் டிக்கெட் கொடுக்கப் போய்விட்டான்.

சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். அடிப் பாவி! அடிப் பாவி மகளே! எதிரே நின்றாளே, முள்ளுக்குப் பயந்து எதிரே போய் நின்றாளே! அவளுடைய ரெண்டு மணி அவருக்குப் பத்து மணி அல்லவா. அவள் பதினொன்று என்றது அவருக்கு ஒன்று. ஞானப்பிரகாசம் எதிரே எங்கே நின்றார், தோளோடு தோள் பக்கத்தில் நின்றார், ரெண்டு பேருக்கும் ஒரே கடிகாரம். பன்னிரண்டு மட்டும் சரியாக விழாமல் என்ன செய்யும்! கை சாகவில்லை, கை சாகவே இல்லை, சொன்ன இடத்துக்கு அப்படியே போயிருக்கிறது, பாழாய்ப்போன தட்டு அல்லவா மறு பக்கம் கிடந்தது! அவளுக்கு எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தணும் போல இருந்தது, அடுத்த நிமிஷமே காலிபிளவர் மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளணும் போலவும் இருந்தது. நாற்பது நாள். நாற்பது நாள் அந்த மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதைப் பார்த்துக்கொண்டே இவள் ரசம் வைத்தாள், துணி மடித்தாள், பாவமேன்னு உச்சுக் கொட்டினாள். அய்யோ, அங்க இல்லீங்க, அங்க இல்லீங்கன்னு கத்தினது யாரு, இந்த வாய்தானே. சொன்னால் கோபிப்பார். கோபிக்கட்டும், நாலு போடு போடட்டும். சொல்லாமல் நைசாக ஏரிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நின்று சரியாகச் சொல்லிவிட்டால் என்ன, தானாகவே கை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாரே, இவள் தலையும் தப்புமே? அந்த நினைப்பு வந்த வேகத்தில் அதை உதறினாள். இந்த நாற்பது நாளும் கை செத்துக் கிடந்ததாகவே அவர் கணக்கில் இருக்கும், அது ஆகாது. பஸ் ஏன் இப்படி உருள்கிறது, கட்டை வண்டி மாதிரி. மிதிப்பா, மிதி. இன்னும் ரெண்டு ஸ்டாப்பிங்தான், அதற்குள் இவனுக்கு டீசல் மிச்சம் பிடிக்கணுமா? ஞாயிற்றுக்கிழமை அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நிற்கணும், வலது கை வீச்சு படாது, கண்ணும் தப்பும், கடிகாரமும் ஒன்றாகும், இது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை. ஒரு மணி, நாப்பதடி. பதினொன்று, முப்பத்தஞ்சு. உதடு அசைய அசையச் சொல்லிப் பார்த்தாள். கேம்ப் ஸ்டாப்பிங் வருவதற்கு முன்பே எழுந்து படிக்கட்டில் போய் நின்றுகொண்டாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவர் நாற்காலியில்தான் இருந்தார், காலடிச் சத்தம் கேட்டதும் தலையைக் கொஞ்சம் சாய்த்தார், ஓரத்துக் கண்ணால் அவளைப் பிடிக்க.

"ஏன் இப்படி இரைக்குது உனக்கு? பேங்க்ல கையெழுத்துப் போட்டாச்சா?"

காபி, மூடு, பஸ்ஸில் கட்டி வைத்த பேச்சு எல்லாம் காற்றில் போயிற்று. "ஏனுங்க, தப்பு என்னுதுங்க. அன்னிக்கு மைதானத்துல நான் எதுத்தாப்புல நின்னுட்டு என் கைக்குச் சொல்லிட்டேன். என் ரெண்டு உங்களுக்குப் பத்துங்க. உங்க கைக்கு ஒண்ணுமில்லீங்க." மூச்சு வாங்கிக்கொண்டு அதையே இன்னொரு தரம் சொன்னாள்.

அவர் அசையவில்லை. வலது கை மட்டும் நாற்காலிப் பிடியிலிருந்து மெல்ல எழுந்து, இல்லாத கோலைப் பிடித்த மாதிரி பின்னால் போய் முன்னால் வந்தது, கொஞ்சம் வலப்பக்கமாக. அங்கேயே நின்றது.

"நாப்பது நாளு, புள்ள" என்றார். குரல் உடைந்திருந்தது. "நாப்பது நாளு செத்துப்போச்சுன்னு உக்காந்திருந்தேன். எதுத்தாப்புல நின்னு சொல்லுவாங்களா யாராச்சும்? கூமுட்டை!"

"வையுங்க, இன்னும் நல்லா வையுங்க. நான் கூமுட்டைதான். ஊட்டிக்குப் பேங்க்குக்கும் போகலீங்க, புளுகினேன். கரடிச்சோலைக்குக் காயிதம் வாங்கியாந்திருக்கேன், நாளன்னிக்கு, ரெண்டு பேருக்கும், பெள்ளி வாறானாம்..."

"அதை அப்புறம் சொல்லு. மொதல்ல இதைச் சொல்லு. ரெண்டு மணின்னு நீ சொன்னப்ப நான் போட்டேனே, அது எங்க விழுந்துச்சு?"

"ரெண்டுலதானுங்க விழுந்துச்சு."

"முப்பதடியா?"

"முப்பதடி. ஒரு விரக்கடை கூடக் குறைய இல்லீங்க. தட்டுதான் அங்க இல்லை."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அவள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்போணும்?" என்றார்.